திண்டிவனத்தில் மூன்று நாள் கொட்டாவி எண்ணிய கதை

அன்றைக்கு எங்கள் வார்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரிய டாக்டர் என்று நாங்கள் சொல்லும் வெள்ளைக்காரர், எங்கள் டாக்டர் ராஜரத்தினம், தலைமை நர்சம்மா, கணக்கு எழுதும் சீனக் கிராணி, கட்டிலில் பத்தொன்பது நோயாளிகள், வாசலோரம் கோப்பித் தட்டோடு நான். என் பெயர் கோவிந்தன். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டென்ட். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது அபின் வார்டு. கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்து, உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்து, பிறகு அது இல்லாமல் எழுந்து நிற்கவே முடியாமல் போனவர்கள் அங்கே வந்து படுப்பார்கள். டாக்டர் ராஜரத்தினம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் குறைத்து அவர்களை மீட்பார். மீட்பது மட்டுமல்ல, ஒவ்வொருவனைப் பற்றியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதுவார். ஏன் இவன் விட்டான், ஏன் அவன் விடவில்லை என்பதுதான் அவருக்கு ராப்பகல் யோசனை. மற்ற டாக்டர்கள் காரில் போகும்போது இவர் சைக்கிளில் வருவார்.

பெரிய டாக்டர் சொன்னது இங்கிலீஷில். எனக்குப் புரிந்த வரைக்கும் இது: “உள்ளே இருக்கும் வரைக்கும் எவனும் தின்ன மாட்டான். வெளியே போனதும் தின்பான். இங்கிருந்து போய் ஒரு வருஷம் ஆகியும் தொடாத மூன்று பேரைக் காட்டு. அந்த ஊர் டாக்டர் ஒருவர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். இரண்டு மாதம் தருகிறேன். இல்லையென்றால் இந்த வார்டு காசநோய்க்காரர்களுக்கு. நீ வெளிநோயாளிகளைப் பார்க்கப் போகலாம்.”

டாக்டர் முகம் சுண்டிப்போனது. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கோப்பித் தட்டைத் தரையில் வைத்துவிட்டேன்.

சரியான விலாசம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மூன்றே பேர். மண்ணாங்கட்டி, ஏழுமலை, அந்தோணி. மூவரும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆட்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியும், தமிழ் தெரியும், பன்னிரண்டு வருஷமாக எடுக்காத லீவும் இருந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், மாசி மாதம், நான் கப்பல் ஏறினேன். கப்பல் கதையை விட்டுவிடுகிறேன். பாதி நாள் வாந்தி, மீதி நாள் கவலை. ஆள் செத்திருந்தால்? ஊர் மாறியிருந்தால்? இருந்தும், தின்றுகொண்டிருந்தால்? என்னால் வார்டு போயிற்று என்று நாளைக்கு டாக்டர் நினைக்கமாட்டார்தான். நான் நினைப்பேனே!

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியதும் பசியாறினேன். இலையில் நாலு இட்லி, கண்ணில் நீர் வரவழைக்கும் மல்லாட்டைச் சட்னி. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. பினாங்கில் கோப்பியைக் குவளையில் மொத்தமாக ஊற்றிக் கொடுத்துவிடுவான். இங்கே டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் கைநீளத்துக்கு ஆற்றி, நுரையோடு வைக்கிறார்கள். குடிக்கும் முன்பே பாதி சந்தோஷம் வந்துவிடுகிறது. காசு கொடுக்கிற இடத்தில்தான் தொல்லை. கடைக்காரர் அணாவில் கேட்டார், மீதியை நயா பைசாவில் கொடுத்தார், நான் மனசுக்குள் எங்கள் மலாயா வெள்ளியில் கணக்குப் பார்த்தேன். மூன்றும் சேரவில்லை. “எண்ணிப் பாருங்க சார்” என்றார். எண்ணுவதுபோல் பாவனை பண்ணி பையில் போட்டுக்கொண்டேன்.

கோலியனூருக்கு ஒரு ஜட்கா பிடித்தேன். அந்தக் குதிரை வழியில் இருந்த ஒவ்வொரு டீக்கடை முன்னாலும் தானாகவே நின்றது. வண்டிக்காரர் இறங்கி அரை டீ குடித்துவிட்டு ஏறினால்தான் மறுபடி நகரும். “எனக்கு வேணாம்னாலும் இது உடாதுங்க” என்றார். பழக்கம் என்பது எப்படிப்பட்டது என்று டாக்டருக்கு எழுத நினைத்தேன். பிறகு, குதிரையைப் பற்றி எழுத ஆஸ்பத்திரிச் செலவில் வந்தாயா என்று கேட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

கோலியனூர் டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மண்ணாங்கட்டி என்று ஒருவர், மலாயாவிலிருந்து வந்தவர், என்று ஆரம்பித்தேன்.

“நம்ம மலாயாக்காரனா? நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?” என்றார் கடைக்காரர்.

“பினாங்குலேர்ந்துங்க. ஆள் எப்படி, பழக்கவழக்கம் ஏதாவது இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்.”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார். “உக்காருங்க, உக்காருங்க. தங்கமான ஆளுங்க அவன். வெத்தலைகூடத் தொடமாட்டான்.”

“பீடி?”

“பீடியா! அவங்கிட்ட நெருப்புப் பொட்டியே கிடையாதுங்க.”

“வேற எதாவது உருண்டை கிருண்டை…”

“கேப்பைக் களி உருண்டையத் தவிர வேற உருண்டை அவன் வாயில போனதில்லீங்க” என்றார் கலப்பையோடு நின்ற ஒருவர். “ஒரு ஏக்கர் மல்லாட்டை சொந்தமா போட்டுகினு கீறான். கடன் ஒரு காசு இல்லை. கோவம்னா இன்னான்னு தெரியாது. குரலே வெளிய வராது.”

கடனைப் பற்றியும் குரலைப் பற்றியும் நான் கேட்கவே இல்லை. இருந்தாலும் நாலு பக்கம் எழுதிக்கொண்டேன். என் மனசு மேலே மேலே பறந்தது. முதல் நாளே ஒரு ஆள் முடிந்தது! டீக்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர். எப்பேர்ப்பட்ட ஊர் என்று நினைத்தேன்.

மண்ணாங்கட்டி வீட்டுக்கு என்னை நாலு பேர் சேர்ந்து அழைத்துப் போனார்கள். எனக்கு முன்னால் யாரோ ஓடிச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. போனபோது பாய் விரித்திருந்தது. அவனுடைய அக்காள் ஒரு தட்டு நிறைய கேசரி கொண்டுவந்து வைத்தாள். நெய் மினுமினுத்தது. இரண்டு வாய் சாப்பிட்டேன்.

“பொண்ணு அங்கேயே பொறந்து வளந்ததுங்களா, இல்லே இங்கேர்ந்து போனதுங்களா?” என்றாள்.

“எந்தப் பொண்ணு?”

உள்ளிருந்து வெளுத்த வேட்டி கட்டிய ஒருவன் எட்டிப் பார்த்தான். “அய்யய்யோ! கோவிந்தண்ணே, நீயா?”

மண்ணாங்கட்டிதான். சதை பிடித்து, கண்ணில் வெளிச்சம் வந்து, ஆளே மாறியிருந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதற்குள் விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. டீக்கடைக்காரர், “கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தவருன்னுல்ல நெனச்சோம்!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்காள் சிரிக்கவில்லை. “அப்ப கேசரிக்கு ஊத்தின நெய்யி?” என்றாள். நான் தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினேன்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். முன்பின் தெரியாதவன் ஊருக்குள் வந்து ஒரு ஆண்பிள்ளையின் பழக்கவழக்கத்தைக் கேட்டால், அது பெண் வீட்டு விசாரணை. அதற்கு நல்ல வார்த்தை சொல்வது ஊரின் மரியாதை. முப்பத்தெட்டு வயசுக்காரனுக்கு வந்த ஒரே விசாரணையைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? அவன் தினமும் ஒரு உருண்டை விழுங்கிக்கொண்டிருந்தாலும் இதே நாலு பக்கம்தான் கிடைத்திருக்கும். தாளைக் கிழித்துப் போட்டேன். “சத்தியமா தொடலண்ணே” என்றான் மண்ணாங்கட்டி. நான் நம்பினேன். பெரிய டாக்டர் சத்தியத்தை நம்பமாட்டாரே.

மறுநாள் ரயிலில் திண்டிவனம். ஏழுமலையின் ஊர் அங்கிருந்து ஒலக்கூர் பக்கம். பாடம் கற்றுக்கொண்டவனாக, அந்த ஊர் டீக்கடையில் பேச்சை எடுத்ததுமே சொல்லிவிட்டேன்: “நான் கல்யாணத்துக்கு விசாரிக்க வரலைங்க.”

இரண்டு பேர் கடையை விட்டு மெல்ல நழுவினார்கள். நான் போட்டிருந்தது காக்கிக் கால்சட்டை, கையில் நோட்டு. மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். சாராயம் காய்ச்சுகிற இடத்தைத் துப்பு விசாரிக்க இப்படித்தான் ஆள் வருமாம். அது எனக்கு எப்படித் தெரியும்?

“ஏழுமலையா? அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லீங்களே” என்றார் ஒருவர். அந்தப் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஏழுமலை மேல் விழும்.

மூலையில் தலையோடு துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த ஒருவன் சொன்னான்: “இருந்தாங்க. போன வருஷம் செத்துட்டான்.”

இரண்டு பேர்தான் மிச்சம், வார்டு போச்சு, டாக்டருக்கு என்ன தந்தி கொடுப்பேன் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்தக் குரல் மறுபடி காதுக்குள் ஓடியது. பதினோராவது கட்டிலில் மூன்று மாதம் என்னிடம் கூடுதல் சோறு கேட்ட குரல்!

“ஏழுமலை, நீ செத்தது உனக்குத் தெரியுமா?” என்றேன்.

துண்டு விலகியது. “அண்ணே! நீங்களா? இன்னாண்ணே, போலீஸ் கணக்கா வந்து நின்னா?” ஊரே சிரித்தது. ஆனால் ஏழுமலைக்குச் சிரிப்பு நீடிக்கவில்லை. அவன் பெண்சாதி தாய்வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறதாம். அபினை விட்டுவிட்டேன் என்று எத்தனையோ சொல்லியும், “மலாயாவுல தின்னுகினு இருந்தப்பவும் இதையேதான் சொன்னே” என்று வரமாட்டேன் என்கிறாளாம்.

அந்தோணியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. திண்டிவனத்தில் மிளகாய் மூட்டை இறக்குகிறவன். என்னைத் தெருவில் பார்த்து, முதுகில் மூட்டையோடேயே ஓடிவந்தான்.

ஆக, ஆள் மூன்றும் கிடைத்தது. தாள் ஒன்றும் கிடைக்கவில்லை.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டர் தணிகாசலம் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். முப்பது வயசு இருக்காது. நான் போனபோது வரிசையில் நாற்பது பேர். என் முறை வந்ததும் நடந்ததையெல்லாம் சொல்லி, டாக்டர் ராஜரத்தினத்தின் கடிதத்தை நீட்டினேன்.

“ஊர்க்காரங்க சொன்னதை நம்பிகினு வந்து கையெழுத்து கேட்கிறீங்க. எனக்கு ஏங்க இந்த பேஜாரு?” என்றார். “அபினிக்காரனைப் பார்க்கிறதுக்குன்னே ஒரு டாக்டரா? உங்க ஊர்ல டாக்டருக்கு வேற வேலை இல்லியா? அவருக்கு இதுல இன்னா கிடைக்குது?”

எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். ஆனால் அன்றைக்குப் பயம் வாயைத் திறந்துவிட்டது. “ஒண்ணும் கிடைக்கலைங்க. சம்பளம் மட்டும்தான். மத்த டாக்டர் வீட்டுக்குப் பழக்கூடை வரும். இவர் காப்பாத்தின ஆளோட வீட்டுக்காரங்க தெருவுல பார்த்தா தெரியாத மாதிரிப் போவாங்க, வெட்கம். ஆனா ஒருத்தன் ஏன் விடறான், ஒருத்தன் ஏன் விடமாட்டேங்கறான்னு இன்னும் யாருக்கும் தெரியாதாம். பெரிய பெரிய ஊர்லயும் தெரியாதாம். எங்க டாக்டருக்கும் தெரியாது. தெரியலைன்னுதான் அவர் பார்த்துக்கிட்டே இருக்கார்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “யாருக்கும் தெரியாதா?”

“தெரியாதுங்க. ஆனா ஒண்ணு எனக்கே தெரியும். தினம் தின்கிறவனை மூணு நாள் கூடவே வச்சுக்கிட்டா உடம்பே சொல்லிடும். முதல்ல கொட்டாவி. அப்புறம் மூக்கு ஒழுகும், கண்ணுல தண்ணி. மயிர்க்கூச்செடுக்கும். கண்ணுமணி பெரிசாகும். வயித்தைச் சுருட்டிப் போடும். மூணாம் நாள் எழுந்து நிக்கமாட்டான். ஊர் பொய் சொல்லும், உடம்பு சொல்லாதுங்க.”

டாக்டர் தணிகாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “எப்பவோ ஒரு தரம் தின்கிறவனை இது காட்டாது.”

“காட்டாதுங்க. தினம் தின்கிறவனைக் காட்டும்.”

“அப்ப அதையும் தாள்ல எழுதணும்” என்றார். எழுதணும் என்று சொன்னாரே! எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூவரும் உடனே சம்மதித்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். மண்ணாங்கட்டிக்குப் பெண் வீட்டில் காட்ட. ஏழுமலைக்கு மாமியார் வீட்டில் காட்ட. அந்தோணிக்கு? “சும்மாதாண்ணே. எம்பேர் போட்டு எனக்குன்னு ஒரு தாள் இதுவரைக்கும் கிடையாது” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். அந்தோணி வேலை செய்கிற மிளகாய்க் கிடங்கை ஒட்டி ஓர் அறை சும்மா கிடைத்தது. கதவை மூடி மூவரையும் சோதித்தேன். வேட்டி மடிப்பு, அரைஞாண் கயிறு, காதுக்குள், தலைமுடிக்குள், அந்தோணியின் ஜெபமாலைப் பை. ஒரு குன்றிமணி அளவு அபினை எங்கெல்லாம் ஒளிக்கலாம் என்று பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு எல்லோரும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். “அண்ணன் பல்லு சந்தைக்கூட விடலை” என்றான் ஏழுமலை மற்ற இருவரிடம்.

முதல் நாள் சாப்பாடும் பேச்சுமாகப் போனது. மூவரும் கூழ் குடித்த அளவை எழுத இன்னொரு தாள் வேண்டியிருந்தது. டாக்டர் காலையும் மாலையும் வந்து நாடி பிடித்தார். நான் வாசற்படியில் குறுக்கே படுத்தேன். தூக்கம் என்பது இல்லை. யாராவது கொட்டாவி விட்டால்? என்று நினைத்து நினைத்து நான்தான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏழுமலை ஒரு கொட்டாவி விட்டான். பிறகு இன்னொன்று. மூக்கை உறிஞ்சினான். கண்ணைத் துடைத்தான். அடுத்து மண்ணாங்கட்டிக்கு மூக்கு ஒழுகியது. அடுத்து அந்தோணி! மூன்று பேரும் கண்ணும் மூக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணால் பார்க்கிறேன், வார்டில் ஆயிரம் தடவை பார்த்தது. தாளில் எழுதவும் மனசு வரவில்லை, எழுதாமல் விடவும் தைரியம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“டாக்டர், போச்சு. மூணும் போச்சு.”

அவர் வந்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொருவனாக வெளிச்சத்தில் நிறுத்திக் கண்மணியைப் பார்த்தார். கையைத் தடவிப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். பிறகு திரும்பி, “நீங்க வாங்க” என்றார்.

“நானா?”

“உக்காருங்க. கொட்டாவி இருக்கு. மூக்கு ஒழுகுது. கண்ணு ரெண்டும் செவசெவன்னு தண்ணியா கொட்டுது. கை நடுங்குது. நாடி நூத்திப் பதினெட்டு.” அவர் நிமிர்ந்தார். “இந்த லட்சணத்தை வச்சுப் பார்த்தா இந்த அறையில முதல் அபினிக்காரர் நீங்கதான்.”

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “அண்ணே, எப்போலேர்ந்துண்ணே?” என்றான் மண்ணாங்கட்டி.

“சாமி சத்தியமா இல்லைங்க!” என்று கத்தினேன். கத்தும்போதே தும்மல் வந்தது. டாக்டரும் தும்மினார். எல்லோரும் தும்மினோம். சுவருக்கு அந்தப் பக்கம் அன்று காலையிலிருந்து மிளகாயைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அந்தோணிக்குத் தெரியும், தினமும் அதில் வேலை செய்கிறவனுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. அந்த அறையைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் நான்.

வேப்பமரத்தடிக்கு மாறினோம். ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் மூக்கு காய்ந்தது. என் நாடி மட்டும் இறங்கவில்லை. டாக்டர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, மூவர் பெயருக்கும் கீழே நாலாவதாக என் பெயரை எழுதினார். “அபின் தொடாத ஒருத்தரையும் பக்கத்துல வச்சுப் பார்க்காம இருந்திருந்தா, இவங்க மூணு பேரையும் நான் பொய்யனாக்கியிருப்பேன்” என்றார். அவர் முகத்தில் ஒரு மினுமினுப்பு. அதே மினுமினுப்பை நான் பினாங்கில் ஒருவர் முகத்தில் தினமும் பார்க்கிறேன். அதன்பிறகு அவர் காலை மாலையோடு நிற்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் விழுப்புரம் போயாக வேண்டும். அவருடைய மாமனார் அரிசி மில்காரர், மருமகனுக்காகக் கடைத்தெருவில் சொந்த டிஸ்பென்சரி கட்டிவைத்திருந்தார். அன்றைக்கு நல்ல நேரத்தில் பால் காய்ச்சுகிறார்கள். “மூணாம் நாள்தான் முக்கியம்னு சொன்னீங்களே, விட்டுட்டு எப்படிப் போறது? எல்லாரும் வாங்க” என்று எங்களையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பினாங்கு பஸ்ஸில் உட்காரத்தான் இடம். இங்கே ஆள், கோழி, வெல்ல மூட்டை எல்லாம் ஒரே டிக்கெட் மாதிரி. விக்கிரவாண்டிக்கு முன்னால் வண்டி இருமி நின்றது. கண்டக்டர் இறங்கி, “ஆம்பளைங்கெல்லாம் இறங்கித் தள்ளுங்க, ஜல்தி!” என்றார்.

ஆம்பளைகளில் பாதிப் பேருக்கு அந்த நிமிஷமே இடுப்பு வலி வந்துவிட்டது. மண்ணாங்கட்டி, ஏழுமலை, அந்தோணி மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அபின் தின்கிறவனாக இருந்தால் அந்நேரம் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடப்பான். இவர்கள் பங்குனி வெயிலுக்கு முந்தைய அந்த வெயிலில் பஸ்ஸைத் தள்ளினார்கள்! அந்தோணி மூட்டை தூக்கும்போது போடுகிற கூவலைப் போட்டான், மற்ற இருவரும் பதில் கூவல் போட்டார்கள். வண்டி உறுமிக் கிளம்பியது. ஏழுமலை ஓடிவந்து படியில் தொற்றி ஏறினான்.

டாக்டர் சன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். மூவரும் ஏறியதும் நாடியைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். “பத்து நிமிஷத்துல இறங்குது பாருங்க! ஜோரா இறங்குது!” என்று பஸ் முழுவதற்கும் கேட்கச் சொன்னார். எதற்கு என்று தெரியாமலே பக்கத்து சீட்டு அம்மாள் ஒருத்தி, “நல்லா இருங்க சாமி” என்றாள்.

புது டிஸ்பென்சரி சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. தணிகாசலம் என்ற பெயர் முழ நீள எழுத்தில் பலகையில் ஏறியிருந்தது. மாமனார் பட்டு வேஷ்டியோடு வாசலில் நின்றார். மருமகனுக்குப் பின்னால் வியர்வையோடு இறங்கிய மூவரையும் பார்த்து, இவர்கள் யார் என்றார். டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

“ஏம்பா, நம்ம இடத்துக்கு முதல் முதல்ல வர்ற நோயாளி அபினிக்காரனா?”

“இவங்க நோயாளி இல்லீங்க மாமா. அதுதான் இதுல விசேஷமே.”

“நோயாளி இல்லாதவனைப் பார்க்க டாக்டர் எதுக்கு? இதுல இன்னா வருமானம்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “மாமா, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க இந்தத் தெருவுலயே நாலு பேர் இருக்காங்க. இது யாருக்குமே தெரியாத விஷயம். நேத்து ஒரு வேப்பமரத்தடியில எனக்கு அதுல ஒரு துளி தெரிஞ்சது. அந்த ருசி போகமாட்டேங்குது” என்றார்.

மாமனார் அண்ணாந்து பெயர்ப் பலகையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, “பால் பொங்கற நேரம். மொதல்ல உள்ள வாங்க” என்றார். அந்த மூவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். உள்ளே மாமனார் கண்ணெதிரே டாக்டர் மறுபடி எல்லோருக்கும் நாடி பார்த்தார், என்னுடையது மட்டும்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று வடை பாயசத்தோடு சாப்பாடு. அந்தோணி பதினொரு வடை தின்றதும் தாளில் இருக்கிறது.

ராத்திரி அங்கேயே படுத்தோம். திங்கட்கிழமை காலை எட்டு மணி. எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. கண்மணி சரி, நாடி சரி, வயிறு சரி, தூக்கம் சரி. டாக்டர் தணிகாசலம் மூன்று தாளில் கையெழுத்துப் போட்டார், மூன்று நகலிலும் போட்டார், நான் தும்மிய கதைக்கும் நாலாவதாக ஒரு தாள் எழுதிச் சேர்த்தார். எப்போதோ ஒரு தரம் தின்பவனை இந்தச் சோதனை காட்டாது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். ஏழுமலை தாளை வாங்கி, மடிக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அப்படியே மாமியார் ஊருக்குக் கிளம்பினான். மண்ணாங்கட்டியின் அக்காள் வந்து தாளைத் தடவிப் பார்த்து, “நெய்யி வீணாப் போவல” என்றாள். நான் விழுப்புரம் ஜங்ஷனில் நின்று இரண்டு கோப்பி வாங்கிக் குடித்தேன், இரண்டுமே எனக்கு. வந்ததிலிருந்து முதல் தடவையாக மீதிக் காசைச் சரியாக எண்ணினேன்.

பினாங்கில் பெரிய டாக்டர் மூன்று தாளையும் படித்தார். பிறகு நாலாவது தாளை, என்னுடையதை, எடுத்தார். படிக்கப் படிக்க அவர் தோள் குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டாராம்: “மூன்று பேர் தின்னவில்லை என்பது சரி. ஆளை அழைத்துவந்தவனையும் உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும் என்று தோன்றியதே ஒருவனுக்கு, அவன் யார்? அவனை எவ்வளவு சீக்கிரம் இங்கே வரவழைக்க முடியும்?”

வார்டு தப்பியது. தப்பியது மட்டுமா! கட்டில் முப்பதாயிற்று. டாக்டர் ராஜரத்தினத்துக்கு ஆராய்ச்சிக்கென்றே தனிப் பதவி, அவர் கீழே கற்றுக்கொள்ள ஒரு டாக்டருக்குச் சம்பளத்தோடு இடம். அன்று சாயங்காலம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னோடு என் வீடு வரைக்கும் நடந்துவந்தார். வாசலில் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

ஏழு மாதம் கழித்துக் கப்பல் துறையில் நான்தான் போய் நின்றேன். கப்பல் பிந்திவிட்டது, மூழ்கியிருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே டாக்டர் தணிகாசலம் ஒரு பெட்டியோடும், கப்பல் ஆட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்சாதியோடும் இறங்கினார். மாமனார் அந்த டிஸ்பென்சரியை வேறொரு டாக்டருக்கு வாடகைக்கு விட்டுவிட்டாராம். கோபம் பாதி தீர்ந்ததாம். மீதிப் பாதியைத் தீர்க்க ஒரு செய்தி அனுப்பியிருந்தாராம், அதை எனக்குத்தான் கொடுக்கச் சொன்னாராம். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சீட்டை நீட்டினார். அரிசி மில் ரசீதில், மாமனார் கைப்பட எழுதிய பில்: “விழுப்புரம் டிஸ்பென்சரியில் கோவிந்தன் என்ற நோயாளியைப் பரிசோதித்த வகையில் டாக்டர் ஃபீஸ், அந்த டிஸ்பென்சரியில் என் மருமகன் பார்த்த முதலும் கடைசியுமான நோயாளி.”

பணத்தை எடுத்து நீட்டினேன். டாக்டர் தணிகாசலம் வாங்கமாட்டேன் என்றார். வாங்கிவிட்டால் மாமாவுக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போய்விடுமாம். மாதா மாதம் மாமனாரிடமிருந்து கடிதம் தவறாமல் வருகிறது, கீழே தவறாமல் ஒரு வரியும் வருகிறது. பாக்கி, ரூபாய் ஐந்து.